நாடியா, மூச்சா? – ஹைதராபாத் குளோரோபார்ம் ஆராய்ச்சியும் டாக்டர் எட்வர்டு லாரியும்

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்து அலமாரியின் மேல்தட்டில் பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று உண்டு. அதனுள் இருப்பது குளோரோபார்ம். ஒரு கரி அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, மூன்று குளோரின் அணுக்கள். அவ்வளவே அதன் அமைப்பு. தண்ணீரைவிடக் கனமான, நிறமற்ற, இனிய மணமுள்ள திரவம். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது சிறிது சிறிதாகப் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாறும் என்பதால்தான் பழுப்புப் புட்டியில் வைத்து, சிறிதளவு எத்தில் ஆல்ககாலும் கலந்து விற்கிறார்கள். முதலாண்டில் இதைப் பாடமாக எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் இப்புட்டியிலுள்ள பொருளின் பெயரால் நம் நாட்டில், ஹைதராபாத் நகரில், உலக மருத்துவர்கள் யாவரும் திரும்பிப் பார்த்த பெரியதொரு வழக்கு நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தேடிப் படிக்கத் தூண்டியது என் தாயார் சொன்ன ஒரு பொய்.

சென்ற ஆண்டு என் தாயாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கண்டு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஊர் மலைமேல், செம்மேட்டுக்கு அப்பால். பரிசோதனைகளை எல்லாம் முன்னதாகவே முடித்து, “இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. வெறும் வயிற்றோடு அத்தனை வளைவும் இறங்கினால் தலை சுற்றி விழுந்துவிடுவாள் என்று என் அத்தை விடியற்காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கொடுத்தார். தாயார் குடித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும் டாக்டர் ஓர் அம்மையார். வந்ததும் வராததுமாக, “என்னம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார். “ஒண்ணும் இல்லீங்க.” “தண்ணி, காப்பி, கூழு?” “பச்சத் தண்ணி பல்லுல படலீங்க.” டாக்டர் அம்மையார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தாயாரைச் சக்கரப் படுக்கையில் ஏற்றிய பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அறுவை நடக்கவில்லை. தாயார் என்னோடு மாலைவரை பேசவில்லை. உடன் வந்த மாமா, “ஒரு சொம்புக் கூழுக்காக ஒரு நாளைக் கெடுத்தியே கண்ணு” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார்.

டாக்டர் அம்மையார்தான் என்னை அழைத்து விளக்கினார். மயக்கத்தில் ஆழ்ந்த மனிதனுக்கு இருமலும் இல்லை, விழுங்குதலும் இல்லை. வயிற்றில் உள்ளது மேலெழுந்து வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரைப்பை அமிலம் நுரையீரலில் என்ன நாசம் செய்யும் என்பதை 1946இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் பேறுகாலப் பெண்களிடம் கண்டெழுதினார். இன்றும் அந்நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. “நீ சொன்னது நல்லதாப் போச்சு” என்றார். பிறகு, மறுநாள் அறுவை முடிந்து தாயாரை வெளியே கொண்டுவந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இயந்திரங்கள் எல்லாம் மாட்டியிருந்தும், அந்த அம்மையார் ஒரு கையால் தாயாரின் தாடையைத் தூக்கிப் பிடித்து, மறு கையின் உள்ளங்கையை அவர் மூக்கின் முன் வைத்திருந்தார். “நாடி பார்க்க மாட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நாடியா மூச்சாங்கறது நூறு வருசத்துச் சண்டை. ஹைதராபாத் கதையைப் படிச்சுப் பாரு” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் படித்தறிந்ததே இக்கட்டுரை.

ஈதரும் குளோரோபார்மும்

1846 அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்தார்; கழுத்தில் இருந்த கட்டியை அறுத்தபோது அந்நோயாளி அலறவில்லை. மனிதகுல வரலாற்றில் அதுவரை அறுவை என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் அறுப்பதுதான். செய்தி கப்பலேறி வந்து, 1847 மார்ச் 22ஆம் நாளே கல்கத்தாவில் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது. கடல்கடந்த தந்தி இல்லாத, சூயஸ் கால்வாய் வெட்டப்படாத அக்காலத்தில் ஐந்தே மாதங்களில் இது நடந்தது என்பதை எண்ணினால் வியப்பாகவே உள்ளது.

ஆனால் ஈதருக்கு ஒரு குறை. அதன் கொதிநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சேந்தமங்கலத்துச் சித்திரை வெயிலில் புட்டியைத் திறந்தால் நோயாளிக்கு முன்னால் ஊருக்கே மயக்கம் கொடுத்துவிடும். அன்றியும் எளிதில் தீப்பற்றும். விளக்கு வெளிச்சத்தில் அறுவை செய்த காலத்தில் இது சிறிய ஆபத்தன்று. ஆகவே, 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பேறுகால மருத்துவர் தம் வீட்டு உணவு மேசையில் நண்பர்களுடன் தாமே முகர்ந்து பார்த்து, மூவரும் மேசைக்கடியில் உருண்டு, குளோரோபார்மின் ஆற்றலைக் கண்டறிந்தபோது வெப்ப நாடுகளில் பணிபுரிந்த மருத்துவர்கள் மிகவும் மகிழ்ந்தனர். குளோரோபார்மின் கொதிநிலை 61 டிகிரி, சாதாரணமாகத் தீப்பற்றாது, கைக்குட்டையில் சில துளி விட்டால் போதும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

அந்த எளிமைதான் ஆபத்தும் ஆயிற்று. ஒரு மனிதனை மயக்கத்தில் வைத்திருக்கச் சுவாசிக்கும் காற்றில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குளோரோபார்ம் ஆவி போதும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் அத்திரவத்தின் மேல் தேங்கும் காற்றில் முப்பது விழுக்காடு வரை அதன் ஆவியே இருக்கக்கூடும். இதை நாம் ஆவியழுத்தக் கணக்காக எளிதில் போட்டுப் பார்க்கலாம். கைக்குட்டையை மூக்கின் மேல் அழுத்திவிட்டால் நோயாளி எவ்வளவு உள்ளிழுக்கிறார் என்பதை யார் அறிவார்? 1848 சனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் இறந்துபோனாள். அவள் முந்தைய முறை ஈதர் பெற்று நலமுடன் எழுந்தவள். இம்முறை அச்சத்தோடு அழுதுகொண்டே அமர்ந்திருந்தாள் என்று குறிப்புகள் கூறுகின்றன. இந்த அச்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டு கட்சிகள்

இத்தகைய மரணங்கள் சில ஆயிரம் பேருக்கு ஒன்று என்ற அளவில் தொடர்ந்து நிகழ்ந்தன. ஏன் இறந்தார்கள் என்பதில் மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். இலண்டன் மருத்துவர்கள் பலர், காலரா ஆராய்ச்சியால் நாம் அறிந்த ஜான் ஸ்நோவைப் பின்பற்றி, குளோரோபார்ம் திடீரென இதயத்தையே நிறுத்திவிடும் என்றனர். எனவே நாடியில் விரல் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எடின்பரோ அறுவை நிபுணர் ஜேம்ஸ் சைம் வழிவந்தோர், மூச்சுத்தான் முதலில் நிற்கும், இதயம் பின்னரே நிற்கும், மூச்சைச் சரியாகக் கவனித்தால் ஒருவரும் சாகமாட்டார், நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பது கவனத்தைச் சிதறடிக்கும் என்றனர்.

இவ்வாறு நாடிக்கும் மூச்சுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நம் கட்டுரையின் நாயகர் வருகிறார். எட்வர்டு லாரி 1846இல் பிறந்தவர். எடின்பரோவில் சைமிடம் பயின்றவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து லாகூரில் அறுவைப் பேராசிரியராக இருந்தார். 1885இல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவராகவும், அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் பொறுப்பேற்றார். குருபக்தி மிகுந்த மாணவர். சைம் சொன்னதே அவருக்கு வேதம். தம் கீழ் நடந்த ஆயிரக்கணக்கான அறுவைகளில் மூச்சை மட்டுமே கவனித்துக் குளோரோபார்ம் கொடுத்ததாகவும், ஒரு மரணமும் இல்லை என்றும் அவர் பெருமையோடு கூறிவந்தார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. புள்ளியியல் பயிலும் நண்பர்கள் பொறுத்தருள்க. மூவாயிரத்துக்கு ஒரு மரணம் நேரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூவாயிரம் பேருக்குக் கொடுத்தும் ஒரு மரணம்கூட நேராதிருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். ஒரு மருத்துவமனையில் மரணம் நேரவில்லை என்பதைக் கொண்டு மருந்து ஆபத்தற்றது என்று கூற முடியாது. லாரியின் காலத்தில் இவ்வகைக் கணக்கை மருத்துவர்கள் போட்டுப் பார்க்கவில்லை.

நிஜாமின் ஆயிரம் பவுன்

லாரி வாயால் மட்டும் வாதாடியவர் அல்லர். அதுதான் அவர் சிறப்பு. 1888இல் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் ஆதரவோடு ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார். அக்குழு நாய்களுக்குக் குளோரோபார்ம் கொடுத்துச் சாகும்வரை கவனித்தது. ஒவ்வொரு முறையும் மூச்சே முதலில் நின்றது. இதயம் அதன்பின் சிறிது நேரம் துடித்தது. முடிவு இலண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்குச் சென்றது. இதழ் அதை ஏற்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கிளாஸ்கோ குழு, குளோரோபார்ம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் தளர்த்துகிறது என்று 1880இல் அறிக்கை தந்திருந்தது. எங்கோ ஒரு சுதேச சமஸ்தானத்தில் நடந்த சோதனை அதனை மறுப்பதா என்னும் எண்ணமும் அவர்களுக்கு இருந்திருக்கலாம் என்று நான் ஐயுறுகிறேன்.

லாரி பின்வாங்கவில்லை. “நீங்களே ஒருவரை அனுப்பிப் பாருங்கள்” என்னும் பொருள்பட அழைப்பு விடுத்தார். அதற்காக நிஜாம் ஆயிரம் பவுன் கொடுக்க முன்வந்தார். அக்காலத்தில் ஆயிரம் பவுன் என்பது பெருந்தொகை. விஞ்ஞான வினா ஒன்றைத் தீர்க்க ஓர் இந்திய அரசர் இலண்டன் இதழுக்குப் பணம் கொடுத்து நிபுணரை வரவழைத்தார் என்பது நம் பாடநூல்களில் ஏன் இடம்பெறவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. லான்செட் தேர்ந்தெடுத்தது தாமஸ் லாடர் பிரன்டன் என்னும் புகழ்பெற்ற மருந்தியல் அறிஞரை. நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் உதவும் என்று 1867இல் கண்டுபிடித்தவர் அவரே. 1889 அக்டோபரில் அவர் ஹைதராபாத் வந்து சேர்ந்தார். லாரி தலைவர், பிரன்டன், ஜெரால்டு பாம்போர்டு, ருஸ்தம்ஜி ஹக்கீம் ஆகியோர் உறுப்பினர்கள். இதுவே இரண்டாம் ஹைதராபாத் குளோரோபார்ம் குழு.

அவர்கள் பணி செய்த முறையை விலங்கியல் மாணவர்கள் எளிதில் உணர்வர். தவளையின் தசைச் சுருக்கத்தைப் புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் கோடாகப் பதிக்கும் சோதனையை நம் மூத்தோர் செய்திருக்கின்றனர். அதே வகைக் கருவியில், பிராணியின் இரத்தக் குழாயைப் பாதரச அழுத்தமானியோடு இணைத்து, இதயத் துடிப்பும் அழுத்தமும் மூச்சும் தாமே கோடிட்டுப் பதியுமாறு செய்தனர். நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல், குதிரை என நூற்றுக்கணக்கான பிராணிகள் இச்சோதனைகளில் மாண்டன. இதைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1876ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி இத்தகைய சோதனைக்கு உரிமம் பெற வேண்டும். ஹைதராபாத்தில் அத்தகைய தடை ஏதும் குறுக்கே நிற்கவில்லை.

முடிவு என்ன? இதயத்தின் மீது நேரடி ஆபத்தை நம்பி வந்த பிரன்டனே கருத்தை மாற்றிக்கொண்டார். குளோரோபார்மால் நேரும் ஆபத்து மூச்சுத் திணறலாலும் அளவு மிகுதியாலுமே, இதயம் நேராக நிற்பதால் அன்று என்று இலண்டனுக்குத் தந்தி அடித்தார். 1890இல் அறிக்கை லான்செட்டில் வெளிவந்தது. லாரி வென்றார். ஹைதராபாத் உலக மருத்துவ வரைபடத்தில் ஏறியது.

ரூபாபாய்

வென்றவர் கதையோடு நிறுத்தாமல், அவர் பள்ளியில் வளர்ந்த ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். லாரி பொறுப்பேற்ற 1885இல் ஹைதராபாத் மருத்துவப் பள்ளி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. முதலில் சேர்ந்த பெண்களுள் ஒருவர் ரூபாபாய் பர்தூன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி. 1889இல், குழு சோதனை நடத்திய அதே ஆண்டில், தேர்ச்சி பெற்று ‘ஹக்கீம்’ பட்டம் பெற்றார். குளோரோபார்ம் கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, குழுவின் பணியிலும் பங்கு பெற்று, ரெசிடென்சி மருத்துவமனை, அப்சல்கஞ்சு மருத்துவமனை முதலிய இடங்களில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பணியாற்றினார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவர் எனலாம்; முதல்வரே என்று கூறுவோரும் உளர்.

1909இல் அவர் மேற்படிப்புக்காக எடின்பரோ சென்றார். மயக்கவியலுக்கெனத் தனிப் பட்டயப் படிப்பு அன்று எங்கும் இல்லை. இங்கிலாந்திலேயே அத்தகைய பட்டயம் 1935இல்தான் தொடங்கிற்று. ஆகவே ரூபாபாய் அங்கே பௌதிகமும் வேதியியலும் படித்தார்! மருத்துவராக இருபதாண்டு அனுபவம் பெற்ற ஒருவர், வாயுக்களின் விதிகளை அறிவதற்காக மீண்டும் மாணவியாகி நம்மைப்போல் அமர்ந்தார். ஆவியழுத்தம் எதற்கு உதவும் என்று வகுப்பில் முணுமுணுக்கும் என் தோழியர்க்கு இச்செய்தியைச் சொல்லி வருகிறேன். லாரியின் பெயரை நூல்கள் பல கூறுகின்றன. ரூபாபாயின் பெயரை அண்மைக்காலத்தில்தான் எடுத்துரைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பூனைகளின் சாட்சியம்

ஹைதராபாத் தீர்ப்பு வந்த பின்பும் நோயாளிகள் இறந்துகொண்டேதான் இருந்தனர். மூச்சை நன்கு கவனித்தவர்களின் கையிலும் இறந்தனர். அபெர்டீனில் ஜான் மக்வில்லியம் என்னும் உடலியல் பேராசிரியர், அதே 1889இல், திடீர் மரணத்துக்குக் காரணம் இதயம் அமைதியாக நின்றுபோவது அன்று, இதயத் தசைகள் ஒழுங்கின்றித் தனித்தனியே நடுநடுங்குவதே எனக் கருத்து வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் இருவரும் 1893இல், ஒரு நாயின் மூளைக்கு மற்றொரு நாயின் இரத்தத்தைச் செலுத்தும் நுட்பமான சோதனையால், குளோரோபார்ம் இதயத்தையே நேராகத் தாக்குவதாகக் காட்டினர். லாரி எதையும் ஏற்கவில்லை. எதிர்ப்புக் கட்டுரைகளுக்கு எதிர்க்கட்டுரை எழுதினார். 1915இல் இறக்கும்வரை அவருக்குச் சைமின் சொல்லே முடிந்த முடிபு.

உண்மை புலப்பட்டது 1911இல். குட்மன் லெவி என்னும் இலண்டன் மருத்துவர் வேறொரு கேள்வி கேட்டார். லாரியின் குழு பிராணிகளுக்கு நிறையக் கொடுத்து, ஆழ்ந்த மயக்கத்தில் எது முதலில் நிற்கிறது என்று பார்த்தது. ஆனால் மனிதர்கள் இறந்தது ஆழ்ந்த மயக்கத்திலா? ஹன்னா கிரீனர் இறந்தது சில துளிகளில், மயக்கம் தொடங்கிய நேரத்தில் அல்லவா? லெவி பூனைகளுக்கு மிகக் குறைந்த அளவு ஆவியைக் கொடுத்தார். இலேசான மயக்கத்தில் இருக்கும்போது சீண்டினாலோ, அட்ரினலினைச் சிறிது ஊசியால் ஏற்றினாலோ, இதயம் திடீரென நடுநடுங்கி நின்றது. மூச்சு அதற்குப் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது!

அட்ரினலின் என்பது அச்சமும் சினமும் வரும்போது நம் சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் இரத்தத்தில் விடும் பொருள். அழுதுகொண்டே அமர்ந்திருந்த 15 வயதுப் பெண்ணின் இரத்தத்தில் அது மிகுந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். இன்னொன்றும் உண்டு. பயந்த மருத்துவர், “குறைவாகக் கொடுப்போம், பாதுகாப்பு” என்று நிறுத்தி நிறுத்திக் கொடுப்பார். அந்த இலேசான, விட்டு விட்டு வரும் மயக்கமே மிக ஆபத்தானது என்று லெவியின் பூனைகள் சாட்சி கூறின.

அப்படியானால் லாரி பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்டது கண்டபடியே உண்மை. அளவு மிகுந்தால் மூச்சே முதலில் நிற்கும்; இன்றைய நூல்களும் அதை மறுக்கவில்லை. மூச்சைக் கவனியுங்கள் என்ற அவரது வற்புறுத்தலால் பிழைத்த உயிர்களும் பல இருக்கும். ஆனால் அவர் தம் சோதனை எதற்கு விடை சொல்கிறதோ அதைவிடப் பெரிய கேள்விக்கு அதை விடையாக்கினார். அவர்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமன்று. அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதே 1894இல்தான் தெரிந்தது. இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதியும் கருவியை ஐந்தோவன் செய்தது அதற்கும் பிறகு. 1889இன் பாதரசமானியில் அந்த நடுக்கத்தைப் பிடித்திருக்க முடியுமா என்பது ஐயமே. ஆனால் 1893க்குப் பின்னும் காதை மூடிக்கொண்டதற்கு எந்தக் கருவிக்குறையும் காரணமாகாது. என் ஆசிரியர் ஒருவர் இக்கருத்தை ஏற்கவில்லை. “முப்பது வருடம் ஒரு மரணமும் பார்க்காதவனிடம் போய் நீ சொல்லிப் பார்” என்கிறார். இருக்கலாம்.

குளோரோபார்ம் கல்லீரலையும் கெடுக்கும் என்பதும் தெரியவர, மெல்ல மெல்ல அது அறுவைக்கூடத்தை விட்டு வெளியேறியது. 1956இல் ஹாலோதேன் நடைமுறைக்கு வந்தது; ஹாலோதேன் கொடுக்கப்பட்ட இதயமும் அட்ரினலினுக்கு எளிதில் மருளும் என்பதால் லெவியின் பாடம் அப்போதும் பழசாகவில்லை. இன்று ஐசோபுளூரேன், செவோபுளூரேன் என்பன பயன்படுகின்றன. என் தாயாருக்குக் கொடுத்ததும் அவ்வகையில் ஒன்றுதான் என்று டாக்டர் அம்மையார் சொன்னார்.

நாடியா மூச்சா என்ற சண்டை எப்படித் தீர்ந்தது? ஒருவகையில் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அவோயாகி 1974இல் அதைத் தீர்த்துவைத்தார் எனலாம். இரத்தத்தில் உயிர்வளி மிகுந்தால் அது செந்நிற ஒளியை ஒருவிதமாகவும், குறைந்தால் வேறுவிதமாகவும் உறிஞ்சும். ஒளி விரலை ஊடுருவும்போது நாடி துடிக்குந்தோறும் இந்த உறிஞ்சல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தால் நாடித் துடிப்பும் தெரியும், மூச்சினால் உள்ளே சென்ற உயிர்வளி இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதும் தெரியும் என்பதே அவர் யோசனை. அதுவே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனாக் காலத்தில் எங்கள் மலை ஊர்களுக்கும் வந்துசேர்ந்ததால் அதை இப்போது அறியாதார் இல்லை. அவோயாகி 2020 ஏப்ரலில், உலகெங்கும் மனிதர்கள் தம் விரலில் அதை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், காலமானார்.

அப்படியிருந்தும் ஏன் உள்ளங்கையை மூக்கின் முன் வைத்தீர்கள் என்று பின்னொரு நாள் டாக்டர் அம்மையாரிடம் கேட்டேன். மூச்சு நின்றாலும் இரத்தத்திலும் நுரையீரலிலும் மிச்சமிருக்கும் உயிர்வளியால் அந்த எண் சிறிது நேரம் இறங்காமலே நிற்கும், கையிலோ அக்கணமே தெரிந்துவிடும் என்றார். லாரி கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். எனினும் அம்மையார் நாடியையும் விடவில்லை. காதருகே ஒலித்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் துடிப்போசையை, நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதும், அவர் ஒரு கணமும் கேளாமல் இருக்கவில்லை. ஓசை சற்று மாறியதும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

இரண்டாம் நாள் காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். தாயார் அன்று உமிழ்நீரைக்கூட விழுங்கத் தயங்கினார். டாக்டர் அம்மையார் வந்து அதே இடத்தில் நின்று, “என்னம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார். தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நேத்தே கேட்டீங்களே!”

“நேத்துக் கேட்டது நேத்தைக்கு. இன்னைக்குச் சொல்லுங்க.”

தாயார் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஒண்ணும் இல்லீங்க. வேணும்னா அதுகிட்டயே கேட்டுக்குங்க” என்றார்.